அரசமைப்புச் சட்டம்: முடிவெடுத்தவர்களும் எழுதியவர்களும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அம்பேத்கர் என்று பள்ளியில் படித்தீர்கள், அரசமைப்பு ஆலோசகராக இருந்த பி.என். ராவ்தான் உண்மையில் எழுதியவர் என்று ஒரு நண்பர் வாதிட்டார். இன்னொருவரோ அது பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் நகல் என்று முடித்துவிட்டார். நகல்தான் என்றால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எதற்கு என்பது உங்கள் குழப்பம். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புதிதாக விடுதலை பெறும் நாடு எப்படி ஆளப்பட வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் யார் என்பது ஒன்று. அந்த முடிவுகளுக்குச் சட்ட வாசகம் தந்தவர்கள் யார் என்பது மற்றொன்று. நீங்கள் குறிப்பிட்ட மூன்று தரப்பினரும் இவற்றைப் பிரிக்காமல் பேசுவதால்தான் ஒவ்வொருவரும் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்ற முறையிலும், அரசமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையின் விவாதப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தவன் என்ற முறையிலும், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், ஆவணங்களே உறுதியாகச் சொல்லாததையும் வேறுபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் சபை எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் குறைகள் பிறப்பிலேயே இருந்தவை. பெத்திக் லாரன்ஸ், ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ், ஏ.வி. அலெக்சாண்டர் ஆகிய மூவரைக் கொண்டு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழு 1946 மே 16 அன்று வெளியிட்ட திட்டத்தின்படி அமைந்த சபை அது. மொத்தம் 389 இடங்கள். அவற்றில் 93 சமஸ்தானங்களுக்கு உரியவை. மற்ற உறுப்பினர்களை, ஏறக்குறைய பத்து லட்சம் மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்தன. மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. அந்த மாகாணச் சட்டசபைகளுக்கே சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளில் ஏதேனும் ஒன்று உள்ளவர்கள்தான் வாக்களித்திருந்தார்கள். அவர்கள் வயது வந்தோரில் கால் பங்கைச் சற்றே தாண்டுவார்கள். காங்கிரசுக்கு 208 இடங்களும் முஸ்லிம் லீகுக்கு 73 இடங்களும் கிடைத்தன. இந்தக் குறையை அன்றே சுட்டிக்காட்டியவர்கள் இருந்தார்கள். 1948 நவம்பரில் தாமோதர் ஸ்வரூப் சேத் என்ற உறுப்பினர், வயது வந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் புதிய சபையே இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று சபையிலேயே வாதிட்டார். அவருடைய கருத்து ஏற்கப்படவில்லை. ஆனால் அதைப் பொருளற்ற வாதம் என்று நான் ஒதுக்கமாட்டேன்.

குறையோடு ஒரு நல்ல முடிவும் சேர்ந்திருந்தது. தனக்கிருந்த பெரும்பான்மையைக் கொண்டு காங்கிரஸ் தன் கட்சிக்காரர்களை மட்டும் அனுப்பியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. சென்னை மாகாணத்திலிருந்து அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் என். கோபாலசாமி அய்யங்காரும் காங்கிரஸ்காரர்களாக இல்லாமலே காங்கிரஸ் ஆதரவோடு சபைக்குள் வந்தார்கள். ஒருவர் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகப் பல ஆண்டுகள் இருந்தவர்; மற்றவர் காஷ்மீரின் பிரதமராக இருந்து சமஸ்தான நிர்வாகத்தை உள்ளிருந்து பார்த்தவர். அம்பேத்கரின் வருகை இதைவிடச் சிக்கலானது. அவர் முதலில் வங்காளத்திலிருந்து, ஜோகேந்திரநாத் மண்டல் போன்றோரின் ஆதரவில் தேர்வானார். பிரிவினையால் அந்த இடம் போயிற்று. எம்.ஆர். ஜெயகர் விலகியதால் காலியான பம்பாய் இடத்தில் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பம்பாய் மாகாணப் பிரதமர் பி.ஜி. கேருக்கு எழுதினார், 1947 ஜூலையில் அம்பேத்கர் மீண்டும் சபைக்கு வந்தார். பட்டியல் சாதியினரின் நலனைக் காப்பதைவிடப் பெரிய ஆசை எதுவும் இல்லாமல் இங்கு வந்தேன், வரைவுக் குழுவில் சேர்த்தபோது வியந்தேன், தலைவராக்கியபோது இன்னும் வியந்தேன் என்ற பொருள்பட அவரே 1949 நவம்பர் 25 அன்று பேசியிருக்கிறார்.

சபை 1946 டிசம்பர் 9 அன்று டெல்லியில் கூடியபோது லீக் உறுப்பினர்கள் வரவில்லை. டிசம்பர் 13 அன்று நேரு, அரசமைப்பின் நோக்கங்களை வகுக்கும் குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிந்தார். லீகும் சமஸ்தானங்களும் வரும்வரை அதை ஒத்திவைக்க வேண்டும் என்று ஜெயகர் திருத்தம் கொண்டுவந்தார். அந்த ஒத்திவைப்பை ஆதரித்து டிசம்பர் 17 அன்று அம்பேத்கர் பேசினார். தீர்மானம் 1947 ஜனவரி 22 அன்றுதான் நிறைவேறியது. இந்த ஆறு வாரத் தாமதத்தைப் பலர் சடங்கு போலக் கடந்துவிடுகிறார்கள். யாருக்காக எழுதுகிறோம், எந்த எல்லைகளுக்குள் எழுதுகிறோம் என்பதே தெரியாமல் ஒரு சபை வேலையைத் தொடங்கியிருந்தது என்பதுதான் அதன் பொருள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம்முடைய அரசமைப்பின் மிகப் பெரிய முடிவு எந்தக் குழுவின் அறையிலும் பிறக்கவில்லை. தூதுக்குழுத் திட்டப்படி மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றும், அவற்றுக்கான நிதி திரட்டும் அதிகாரமும் மட்டுமே. மற்றவையும் எஞ்சிய அதிகாரங்களும் மாகாணங்களுக்கு. நேருவின் தலைமையில் இருந்த ஒன்றிய அதிகாரங்கள் குழு 1947 ஏப்ரலில் சபைக்குத் தந்த முதல் அறிக்கை இந்த வரம்புக்குள் நின்று, அந்த மூன்று சொற்களுக்குள் எதையெல்லாம் அடக்கலாம் என்று பார்த்தது. ஜூன் 3 அன்று பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே குழுக்கள் கூடி, தூதுக்குழுத் திட்டம் இனி தம்மைக் கட்டுப்படுத்தாது என்றும், வலுவான மத்திய அரசு வேண்டும் என்றும் முடிவெடுத்தன. ஆகஸ்ட் 20 அன்று சபைக்கு வந்த இரண்டாம் அறிக்கை மூன்று விரிவான அதிகாரப் பட்டியல்களோடும், எஞ்சிய அதிகாரங்களை மத்திய அரசுக்கே தரும் ஏற்பாட்டோடும் வந்தது. பலவீனமான மத்திய அரசு நாட்டு நலனுக்குக் கேடு என்று அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டது. ஒரே குழு, ஒரே தலைவர், நான்கே மாத இடைவெளி, முடிவு தலைகீழ். மாநில உரிமை பற்றி இன்று நாம் நடத்தும் விவாதங்களில் பெரும்பகுதி 1947 கோடைக்காலத்தின் அந்தத் திருப்பத்திலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து. பிரிவினை நடக்காவிட்டாலும் நேருவும் பட்டேலும் வலுவான மத்திய அரசைத்தான் அமைத்திருப்பார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அது ஊகம், ஆவணங்கள் காட்டுவது வரிசையை மட்டும்தான்.

இனி வேலை நடந்த முறைக்கு வருவோம். முதலில் துறைவாரியான குழுக்கள் கொள்கைகளை முடிவு செய்தன. அடிப்படை உரிமைகளும் சிறுபான்மையினர் நலனும் பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழுவிடம் போயின. அதன் கீழே ஜே.பி. கிருபளானி தலைமையில் உரிமைகளுக்கும், எச்.சி. முகர்ஜி தலைமையில் சிறுபான்மையினருக்கும் துணைக் குழுக்கள் இருந்தன. ஒன்றிய அரசின் அமைப்புக்கு நேரு, மாகாண அரசின் அமைப்புக்குப் பட்டேல். இந்தக் குழுக்களின் அறிக்கைகளைச் சபை 1947 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை விவாதித்து முடிவெடுத்தது. அந்த முடிவுகளை வைத்து அரசமைப்பு ஆலோசகர் பெனகல் நரசிங்க ராவ் அக்டோபரில் ஒரு முதல் வரைவைத் தயாரித்தார். வரைவுக் குழு ஆகஸ்ட் 29 அன்றே நியமிக்கப்பட்டிருந்தது. ராவின் வரைவை ஆராய்ந்து, சபையின் முடிவுகளைச் சட்ட வடிவுக்குக் கொண்டுவருவதே அதற்குத் தரப்பட்ட பணி. மறுநாள் கூடி அது அம்பேத்கரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1948 பிப்ரவரி 21 அன்று தன் வரைவை ராஜேந்திர பிரசாத்திடம் அளித்தது. அது மக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டு, கருத்துகள் பெறப்பட்டு, நவம்பர் 4 அன்று சபையில் வைக்கப்பட்டது. அதன் பிறகு பிரிவு பிரிவாக விவாதம். அம்பேத்கர் 1949 நவம்பர் 25 உரையில் தந்த கணக்கு இது: ராவின் வரைவில் 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும், வரைவுக் குழுவின் வரைவில் 315 பிரிவுகளும் 8 அட்டவணைகளும், இறுதி வடிவில் 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும். வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635; உண்மையில் முன்மொழியப்பட்டவை 2,473.

இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் உங்கள் நண்பரின் வாதத்துக்கு விடை கிடைத்துவிடும். ராவ் முதல் வரைவை எழுதினார் என்பது உறுதி; அதை அம்பேத்கரே சபையில் நன்றியோடு பதிவு செய்தார். முதன்மை வரைவாளர் எஸ்.என். முகர்ஜியின் பெயரையும், சிக்கலான கருத்துகளை எளிய தெளிவான சட்ட மொழியில் அமைக்கும் அவருடைய திறமையையும் அதே உரையில் பாராட்டினார். ஆனால் ராவ் சபை உறுப்பினர் அல்லர். வாக்களிக்கவோ, ஒரு பிரிவை எழுந்து நின்று காக்கவோ அவருக்கு இடமில்லை. அவருடைய வரைவும் சுயமாகப் புனைந்தது அன்று, சபை ஏற்கெனவே எடுத்திருந்த முடிவுகளின் மேல் கட்டியது. பர்மாவின் அரசமைப்புக்கும் அவர் உதவியிருக்கிறார் என்பதிலிருந்து அவருடைய தொழில்திறனை உணரலாம். ஆனால் தொழில்திறன் வேறு, பொறுப்பு வேறு.

பொறுப்பு அம்பேத்கர் மேல் விழுந்தது. இதற்குச் சிறந்த சான்று அவருடைய ஆதரவாளர்கள் யாரும் சொன்னதன்று. பின்னாளில் தாமும் வரைவுக் குழுவில் சேர்க்கப்பட்ட டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று சபையில் விளக்கியது: குழுவின் எழுவரில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசுப் பணிகளில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் உடல்நலக் காரணத்தால் டெல்லிக்கு வெளியே இருந்தார்கள், ஆகவே வரைவின் சுமை கடைசியில் அம்பேத்கர் ஒருவர் தலையில்தான் விழுந்தது. இந்தப் பேச்சை மட்டும் வைத்து, அவர் தனியாக அமர்ந்து எல்லாவற்றையும் எழுதினார் என்று சொல்வதும் மிகை. குழு உறுப்பினர்களான அல்லாடியின் சட்டக் குறிப்புகளும் கே.எம். முன்ஷியின் வரைவுகளும் பல பிரிவுகளில் தடம் பதித்திருக்கின்றன. இன்ன சொற்றொடர் இன்னாருடையது என்று பிரித்துக் காட்ட எல்லா இடத்திலும் முடியாது, ஏனென்றால் வரைவுக் குழுக் கூட்டங்களின் பதிவுகள் பெரும்பாலும் சுருக்கக் குறிப்புகள்தான். யார் என்ன வாதிட்டார் என்பதைவிட என்ன முடிவானது என்பதையே அவை சொல்கின்றன. என் மதிப்பீட்டில் அம்பேத்கரின் தனிப்பெரும் பங்கு பேனா பிடித்ததில் இல்லை. ஓராண்டுக்கு மேலாக, ஆயிரக்கணக்கான திருத்தங்களுக்கு நடுவே, எதை ஏற்பது, எதை மறுப்பது, எதை மாற்று வாசகத்தோடு திருப்பித் தருவது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி அந்த வரைவைச் சபையில் கரை சேர்த்தவர் அவர். அதைச் செய்யும் ஆற்றல் அன்று அந்தச் சபையில் வேறு யாருக்கு இருந்தது என்று யோசித்தால் எனக்கு உடனே ஒரு பெயரும் தோன்றவில்லை.

ஒரே ஒரு பிரிவின் கதையை அருகில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். இன்றைய 21ஆம் பிரிவு வரைவில் 15ஆம் பிரிவாக இருந்தது. 1947 ஏப்ரலில் ஆலோசனைக் குழு தந்த வாசகம், உரிய சட்ட நெறிமுறையின்றி எவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது என்பது. அமெரிக்காவில் இந்தத் தொடரை வைத்துத்தான் நீதிமன்றம் தொழிலாளர் நலச் சட்டங்களையே ஒரு காலத்தில் வீழ்த்தியது. ராவ் 1947 இறுதியில் அமெரிக்கா சென்றபோது அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் முடிவை ஒரு சில நீதிபதிகள் ரத்து செய்ய வழிவிடும் தொடர் இது என்று ஃபிராங்ஃபர்ட்டர் எச்சரித்தார். 1948 பிப்ரவரி வரைவில் பார்த்தால், சுதந்திரம் என்பது ‘தனிமனித’ சுதந்திரமாகச் சுருங்கியிருக்கிறது. உரிய நெறிமுறை என்ற தொடர் போய், ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ வந்திருக்கிறது. 1946ஆம் ஆண்டு ஜப்பானிய அரசமைப்பின் 31ஆம் பிரிவைக் குழு துணைக்குக் காட்டியது. சந்திப்பும் மாற்றமும் உறுதியானவை. மாற்றத்துக்கு அந்தச் சந்திப்பு ஒன்றே காரணம் என்பதுதான் உறுதியில்லாதது. நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் நீதிமன்றத்தில் சிக்கிவிடுமோ என்ற அச்சமும், வகுப்புக் கலவரங்களின் நடுவே தடுப்புக்காவல் அதிகாரம் தேவை என்ற எண்ணமும் அமெரிக்கப் பயணத்துக்கு முன்பே டெல்லியில் இருந்தன.

1948 டிசம்பரில் இந்தப் பிரிவு சபைக்கு வந்தபோது காஜி சையத் கரீமுதீன் போன்றோர் பழைய தொடரையே திருப்பிக் கொண்டுவரத் திருத்தம் கொடுத்தார்கள். வரைவுக் குழு உறுப்பினரான முன்ஷியே அவர்கள் பக்கம் பேசினார். அல்லாடி எதிர்ப்பக்கம். டிசம்பர் 13 அன்று பதில் சொல்ல எழுந்த அம்பேத்கர், சட்டமன்றத்தை நம்புவதா நீதிபதிகளை நம்புவதா என்ற இரு பக்க ஆபத்தையும் விளக்கிவிட்டு, தம் தீர்ப்பைச் சொல்லாமல் முடிவைச் சபைக்கே விட்டார். அவர் அப்படி ஒதுங்கியது மிக அரிது. சபை திருத்தத்தை நிராகரித்தது. நாட்டில் கண்டனம் எழுந்தது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் 15அ என்ற புதிய பிரிவோடு வந்தார்: கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும், தடுப்புக்காவலுக்கும் வரம்புகள் வேண்டும். முன்பு கைவிட்டதற்கு ஈடாகத்தான் இதைக் கொண்டுவருவதாக அவர் ஒளிக்காமல் சொன்னார். அதுதான் இன்றைய 22ஆம் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக்காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதத் தீர்ப்பு, நிர்ணய சபை தேர்ந்தெடுத்த குறுகிய பொருளையே உறுதி செய்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னபோது, சபை வெளியேற்றிய பொருள் பெரும்பாலும் உள்ளே திரும்பிவந்தது. ஒரு குழு, ஒரு ஆலோசகர், ஒரு அயல்நாட்டு நீதிபதி, வாக்கெடுப்பில் தோற்றவர்கள், பத்திரிகைகளின் கண்டனம், பிந்தைய நீதிபதிகள்: இந்தப் பிரிவை ‘எழுதியவர்’ யார் என்று கேட்டால் நான் யாரைச் சொல்வது?

முடிவுகள் வரைவுக்கு முந்தியவை என்றேன். அதற்கு இன்னொரு சிறிய சான்று உண்டு. 1948 மே மாதத்தில் ராஜேந்திர பிரசாத்தே, கிராமத்தை அடிப்படை அலகாக வைத்து மேல்நோக்கி அரசமைப்பைக் கட்டமுடியாதா என்று ராவுக்கு எழுதினார். நேரடித் தேர்தல் என்று சபை ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது, இப்போது அடித்தளத்தை மாற்ற முடியாது என்ற பொருளில் ராவ் பதில் எழுதினார். சபைத் தலைவர் விரும்பியும் நடக்கவில்லை. நவம்பரில் அம்பேத்கர் கிராமத்தை அறியாமையின், குறுகிய மனத்தின் குகை என்று கடுமையாகச் சாடியபோது எச்.வி. காமத் போன்றோர் கொதித்தார்கள். கடைசியில் கே. சந்தானம் ஒரே வாக்கியத்தில், அரசு கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவர, அம்பேத்கர் மறுபேச்சின்றி ஏற்றார். அது நீதிமன்றத்தில் வழக்காட முடியாத வழிகாட்டு நெறிகளில் 40ஆம் பிரிவாக இடம்பெற்றது. காந்தியவாதிகளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்கு உயிர் வர 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நகல் என்ற குற்றச்சாட்டும் அன்றே எழுந்ததுதான். வீணையின் இசையைக் கேட்க வந்தோம், ஆங்கிலேயப் பாண்டு வாத்தியம் கேட்கிறது என்ற பொருளில் கே. அனுமந்தையா வருந்தினார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நிறைய எடுக்கப்பட்டது உண்மை: மூவகை அதிகாரப் பட்டியல்களின் அமைப்பு, ஆளுநர் பதவியின் சட்டகம், தேர்வாணையங்கள், தணிக்கை ஏற்பாடு, அச்சட்டத்தின் 93ஆம் பிரிவிலிருந்து வளர்ந்த, மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிவிடும் 356ஆம் பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவு செத்த எழுத்தாகவே இருக்கும் என்று நம்புவதாக அம்பேத்கர் சொன்னதும், அது பின்னர் எத்தனை மாநில ஆட்சிகளை விழுங்கியது என்பதும் நமக்குத் தெரிந்ததே. கடன் வாங்கியதற்காக வெட்கப்படவில்லை, அரசமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்பது அம்பேத்கரின் பதில். நிர்வாக விவரங்களைச் சட்டத்திலேயே எழுதியதற்கும் அவர் காரணம் சொன்னார்: அடியில் ஜனநாயகம் ஊறாத மண்ணில், நிர்வாகத்தின் வடிவத்தை மாற்றியே அரசமைப்பின் உயிரைக் குலைத்துவிட முடியும். இத்தனை விழுக்காடு நகல் என்று உலவும் எண்களை நான் பயன்படுத்துவதில்லை. வாசகம் அப்படியே வந்ததை எண்ணுவதா, சாயலை எண்ணுவதா என்பதைப் பொறுத்து விடை மாறும். எண்ணிக்கையைவிட முக்கியமானது, 1935இல் இல்லாதது எது என்பது. வழக்காடிப் பெறக்கூடிய அடிப்படை உரிமைகள் அதில் இல்லை. தீண்டாமை ஒழிப்பு இல்லை. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு இல்லை. தனி வாக்காளர் தொகுதிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கவர்னர் ஜெனரலின் தன்விருப்ப அதிகாரம் இருந்தது. எலும்புக்கூட்டின் சில பகுதிகள் பழையவை, உயிர்நாடி பழையதன்று.

உறுதியாகச் சொல்ல முடியாத பெரும் பகுதி ஒன்று உண்டு, அதை மறைத்தால் என் பதில் நேர்மையாகாது. சர்ச்சைக்குரிய பல பிரிவுகள் சபைக்கு வருமுன் காங்கிரஸ் சட்டசபைக் கட்சியின் மூடிய கூட்டங்களில் முடிவாயின. அவற்றுக்குச் சொல்லுக்குச் சொல் பதிவு கிடையாது. உறுப்பினர்களின் கடிதங்களும் நினைவுகளும்தான். ஆட்சிமொழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை சபையில் நடந்த விவாதம் அச்சில் கிடைக்கிறது. முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் சேர்ந்து அமைத்த சமரசம் இந்தியை ஆட்சிமொழியாக்கி, 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர வழிவிட்டது. அதற்கு முன் கட்சிக் கூட்டங்களில் எண்களின் வடிவம் பற்றிக்கூட எவ்வளவு கடும் மோதல் நடந்தது என்பதைப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒற்றை வாக்கில் இந்தி வென்றது என்ற கதையை ஏராளமானோர் திரும்பச் சொல்கிறார்கள். சபையின் பதிவுகளில் அப்படி ஒரு வாக்கெடுப்பு இல்லை.

மூன்று ஆண்டுகள் எதற்கு என்பதற்கு இவ்வளவுக்குப் பிறகு நீண்ட விடை தேவையில்லை. இரண்டு ஆண்டு, பதினொரு மாதம், சில நாட்கள் என்பது நாட்காட்டிக் கணக்கு. சபை அரசமைப்புக்காக அமர்ந்தது 165 நாட்கள். அதில் வரைவை விவாதித்தது 114 நாட்கள். இடையில் அதே உறுப்பினர்கள் நாட்டின் சட்டமன்றமாகவும் இயங்கினார்கள். பிரிவினை, அகதிகள், காஷ்மீர், காந்தியின் கொலை, ஐதராபாத் எல்லாம் அந்தக் காலத்துக்குள் அடங்கும். பாகிஸ்தானில் முதல் நிர்ணய சபையை கவர்னர் ஜெனரல் குலாம் முகமது 1954இல் கலைத்தார். அவர்களுக்கு அரசமைப்பு 1956இல்தான் வந்தது.

நகல் என்று சொன்னவரிடம் நீங்கள் கடைசிப் பிரிவையும் காட்டலாம். 395ஆம் பிரிவு 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டுமல்ல, சபைக்கு இறையாண்மை தந்த 1947ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தையும் ரத்து செய்கிறது. அரசமைப்புச் சட்டம் கவர்னர் ஜெனரலின் ஒப்புதலுக்கும் அனுப்பப்படவில்லை. அந்தப் பதவியில் அப்போது இருந்தவர் ராஜாஜி. அனுப்பியிருந்தால் ஒரே நாளில் கையெழுத்திட்டிருப்பார். ஆனாலும் 1949 நவம்பர் 26 அன்று சபைத் தலைவரின் கையொப்பமே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களின் தொடர்ச்சியாக இது எண்ணப்படக் கூடாது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்ததோடு வாசகம் உறைந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். கல்லூரி இடங்களைச் சாதி, சமய வாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜனும் சீனிவாசனும் தொடுத்த வழக்கில், சீனிவாசனுக்காக வாதாடியவர் வரைவுக் குழுவில் இருந்த அதே அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாததாக்கியது. இரண்டே மாதத்தில், பெரும்பாலும் நிர்ணய சபையின் உறுப்பினர்களையே கொண்டிருந்த தற்காலிக நாடாளுமன்றம், சட்ட அமைச்சராக அம்பேத்கர் இருக்க, முதல் திருத்தத்தை நிறைவேற்றி, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய வழிவிடும் நான்காம் உட்பிரிவை 15ஆம் பிரிவில் சேர்த்தது. வரைவுக் குழுவில் அருகருகே அமர்ந்த இருவர், தாம் ஆக்கிய வாசகத்துக்கு என்ன பொருள் என்பதில் ஒன்றரை ஆண்டுக்குள் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். ஆகவே அடுத்த முறை யாராவது உங்களிடம் ‘இதை எழுதியவரின் நோக்கம்’ என்று ஒருமையில் பேசினால், எந்தப் பிரிவு, எந்தக் கட்டம், யாருடைய நோக்கம் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள்.